நடுவழியில் பாடம் மாறலாமா?



கல்லூரியில் மூன்றாம் ஆண்டை எட்டிய மாணவர் சிலருடைய உள்ளத்தில், "நான் எடுத்துக்கொண்ட பாடம் எனக்கு உரியதுதானா?" என்னும் ஐயம் தோன்றுவதுண்டு. பதினேழு வயதில், கையிலிருந்த மதிப்பெண்ணையும், கிடைத்த இடத்தையும், வீட்டார் விருப்பத்தையும் கொண்டு செய்த தேர்வு இருபது வயதிலும் பொருந்தியே தீரவேண்டும் என்பதில்லை. ஆகவே, அவ்வையம் குற்றமன்று. அதை ஆராயாமல் அடக்கி வைப்பதும், ஆராயாமல் அதன் பின்னே ஓடுவதுமே குற்றம்.

முதலில் நடைமுறையை அறிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். படிப்புகளில் முதன்மைப் பாடம் சேரும் நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. சேர்ந்த சில வாரங்களுக்குள், இடம் காலியாக இருந்தால், கல்லூரி மாற்றித் தரக்கூடும். இரண்டாண்டுகள் கடந்த பின் மாறுவது என்றால், பொதுவாக முதலாண்டிலிருந்து மீண்டும் தொடங்குவதே ஆகும். எனவே இது விருப்பம் பற்றிய கேள்வி மட்டுமன்று. காலமும் பொருளும் பற்றிய கேள்வியும் ஆகும். தறிக்குழியில் கால் வைத்து நாள் முழுதும் நெய்யும் ஆரணித் தந்தைக்கு, மகனுடைய ஒரு கல்வியாண்டு என்பது தம் உழைப்பின் ஓர் ஆண்டு.

இத்தகைய நிலையில் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுமாறு உங்களுக்குச் சொல்வேன்.

முதற் கேள்வி: நான் ஒன்றை விட்டு ஓடுகிறேனா, ஒன்றை நாடிச் செல்கிறேனா? ஒரு தாளில் தோல்வி, ஓர் ஆசிரியரிடம் மனத்தாங்கல், தோழர் ஒருவர் வேறு துறையில் பெற்ற வேலை ஆகியவை பாடத்தை வெறுக்கச் செய்யும்; ஆனால் வேறொரு பாடத்தின்மேல் பற்றை உண்டாக்கமாட்டா. புதிய பாடத்தின் முதலாண்டு நூல் ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்து, தேர்வுக் கட்டாயம் இன்றி ஒரு மாதம் படித்துப் பாருங்கள். அப்போதும் ஆர்வம் குன்றாவிடின், அது மெய்யான ஆர்வம்.

இரண்டாம் கேள்வி: நான் போக விரும்பும் வாயில் எந்தப் பட்டத்தைக் கேட்கிறது? மத்திய அரசின் குடிமைப் பணித் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். விருப்பப் பாடமாகப் பட்டப் படிப்பில் பயிலாத ஒன்றையும் எடுக்கலாம். மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் எத்துறைப் பட்டதாரியும் சேரலாம். வணிக மேலாண்மை முதுகலையும் அவ்வாறே. ஆனால் கணித ஆசிரியராக விரும்புபவருக்குக் கணிதப் பட்டம் வேண்டும். மருத்துவராக விரும்புபவர் தொடக்கத்திலிருந்தே தொடங்கவேண்டும். வாயிலின் விதியை அறியாமல் வழியை மாற்றுவது பேதைமை.

மூன்றாம் கேள்வி: இனி எத்தனை ஆண்டுகள்? "இரண்டாண்டு போய்விட்டதே" என்று வருந்திப் பயனில்லை. இருந்தாலும் போனாலும் அவ்வாண்டுகள் திரும்பி வாரா. இனி வரும் ஆண்டுகளையே எண்ணவேண்டும். மூன்றாம் ஆண்டு தொடங்கும் ஒரு வேதியியல் மாணவர் வரலாற்றை நாடுகிறார் என்று கொள்வோம். இப்போதே விட்டு மீண்டும் தொடங்கினால் மூன்று ஆண்டுகள். கையில் ஒரு பட்டம். இருக்கும் ஓராண்டை முடித்து, பிற துறைப் பட்டதாரிகளை ஏற்கும் பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாற்று எம்.ஏ. படித்தால், அதுவும் மூன்று ஆண்டுகளே. கையில் இரண்டு பட்டங்கள். சட்டத்தை நாடுபவருக்கோ, ஐந்தாண்டுப் படிப்பில் புதிதாய்ச் சேர்வதைவிட, ஓராண்டை முடித்து மூன்றாண்டுச் சட்டம் பயில்வது ஓராண்டு குறைவு. கணித ஆசிரியராக விரும்புபவர் கணக்கு வேறு: உடனே மாறினால் மூன்று, முடித்து மாறினால் நான்கு. அந்த ஓராண்டு, கையில் ஒரு பட்டம் இருப்பதற்கான விலை. குடும்ப நிலையைப் பார்த்தே அவர் முடிவு செய்யவேண்டும்.

இருவர் வாழ்க்கை இங்கு நமக்குத் துணை செய்யும். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற ஜி. என். இராமச்சந்திரன், 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின் பொறியியல் துறையில் சேர்ந்தார். தம் நாட்டம் இயற்பியலே என விரைவில் உணர்ந்து, சர். சி. வி. இராமன் தலைமை வகித்த துறைக்கு மாறினார். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். அவர் மாறியது தொடக்கத்தில். ஆகவே இழப்பும் சிறிது.

சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் கதை வேறு. அமெரிக்காவில் இயற்பியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோதே அவர் மனம் உயிரியலை நாடியது. எனினும் இடையில் விடவில்லை. 1976இல் டாக்டர் பட்டத்தை முடித்தார். அதன் பின் கலிபோர்னியாவில் உயிரியல் மாணவராகச் சேர்ந்து, தம்மினும் இளையவர்களோடு அமர்ந்து அடிப்படைப் பாடங்களைப் பயின்றார். ரைபோசோமின் அமைப்பைக் கண்டமைக்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசை இருவரோடு பகிர்ந்துகொண்டார். அவ்வாராய்ச்சிக்கு உதவிய எக்ஸ் கதிர்ப் படிகவியல், இயற்பியலில் வேரூன்றிய கலையன்றோ? முன்பு கற்றது வீண்போகவில்லை.

நம் ஊர் நெசவாளர் இதனை நன்கு அறிவார். தறியில் பாவு முடியும் தறுவாயில் அவர் அச்சையும் விழுதையும் வெறுமையாக்கி விடுவதில்லை. பழைய பாவின் இழைமுனைகளை அப்படியே நிறுத்தி, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு பிணைக்கிறார். புதிய பாவின் நிறம் வேறாகலாம். பழைய இழை இட்ட வழியே அது அச்சினுள் நுழைகிறது. பாதி நெய்த பாவை அறுப்பவரும் இல்லை. ஒரு நிறத்தையே வாழ்நாள் முழுதும் நெய்பவரும் இல்லை.

இதற்கு விலக்கும் உண்டு. படிப்பு உடல் நலத்தையோ மன அமைதியையோ குலைக்கும் அளவுக்குச் சென்றுவிட்டால், ஆண்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கலாகாது. பெற்றோரிடமும், நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமும், மருத்துவரிடமும் உடனே சொல்லவேண்டும். பட்டத்தினும் பிள்ளை பெரிது என்பதைப் பெற்றோரும் நினைவிற் கொள்வாராக.

ஏனையோருக்குச் சில நடைமுறைச் சொற்கள். கல்லூரி அலுவலகத்தில் மாற்று விதிகளைக் கேளுங்கள். உதவித்தொகை பெறுபவராயின், இடையில் விட்டால் அது தொடருமா என்பதை எழுத்தில் அறியுங்கள். 2022 முதல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே காலத்தில் இரு பட்டங்கள் பயில இசைவு அளித்துள்ளது. எனவே ஒன்றை முடிக்கும்போதே, மற்றொன்றைத் தொலைநிலைக் கல்வியில் தொடங்கவும் வழியுண்டு. இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, வீட்டாரோடு அமர்ந்து பேசுங்கள். செலவை ஏற்பவருக்குக் கணக்கைக் காட்டுவது உங்கள் கடமை; கணக்கைக் கண்டபின் மகனின், மகளின் நாட்டத்தை மதிப்பது அவர்கள் கடமை.

பாடத்தை மாற்றுவது இழிவன்று. மாற்றாது தொடர்வது கோழைமையும் அன்று. எதைச் செய்தாலும் காரணம் அறிந்து செய்யுங்கள்; தொடங்கியதன் பயனைக் கையில் கொண்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.