வாசலில் நின்று சொல்லும் வார்த்தை

எங்கள் மாதர் சங்கத்தில் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் ஒரு வாசிப்பு நடக்கும். தையல் வேலை முடிந்தபின் பாயை விரித்து இருந்துகொண்டு, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்போம். சென்ற மாதம் என்னுடைய முறை. யப்பானியப் பெண் கவிஞர் யொசானோ அகிகோ 1904ஆம் ஆண்டு எழுதிய போர் எதிர்ப்புக் கவிதையை எடுத்துச் சென்றேன்.

“போரைப் பற்றி இன்னும் என்னத்தை வாசிக்கிறது, ரீச்சர்?” என்று ஒரு தங்கச்சி கேட்டாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கவிதை போர்க்களத்தில் நின்று பேசவில்லை. ஒரு வீட்டுக்குள் இருந்து பேசுகிறது. அதனால்தான் அதைத் தெரிவு செய்தேன்.

அகிகோ 1878இல் சக்காய் என்ற வணிக நகரத்தில் பிறந்தவர். தகப்பனுக்கு இனிப்புப் பண்டக் கடை. 1904இல் யப்பானுக்கும் ரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது அவருடைய தம்பி படைக்கு அழைக்கப்பட்டார். போர்ட் ஆர்தர் கோட்டையை முற்றுகையிட்டிருந்த படையில் தம்பி இருக்கிறான் என்ற கவலையில் அகிகோ எழுதிய இக்கவிதை, அந்த வருடம் செப்ரெம்பரில் ‘மியோஜோ’ என்ற சஞ்சிகையில் வெளிவந்தது.

ஒரு கவிதையைப் படிக்கும்போது, யார் யாரோடு கதைக்கிறார் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். இங்கே அக்கா தம்பியோடு கதைக்கிறாள். அரசாங்கத்துக்கு மனுக் கொடுக்கவில்லை. உலகத்துக்குப் புத்தி சொல்லவுமில்லை. நீ சாகக்கூடாது என்று தம்பியைக் கேட்கிறாள், அவ்வளவுதான்.

அடுத்து, அவள் எந்தச் சொல்லால் கேட்கிறாள் என்று பார்க்க வேண்டும். யப்பானிய மொழி படித்த தோழி ஒருத்தி எனக்கு இதை விளக்கினாள். தம்பியைக் கேட்கும் அந்த வினைச்சொல்லில் மரியாதை விகுதி ஒன்று சேர்ந்திருக்கிறது. தாயைப் பற்றிச் சொல்லும்போதும் அதே விகுதி வருகிறது. தமிழில் வெறும் ‘நீ’ என்று போட்டால் அந்த மரியாதை நழுவிவிடும். நாங்கள் அன்பாக ‘நீர்’ என்று சொல்வோமே, அதற்குக் கிட்டவாக இருக்கலாம். படைக்கு அவன் ஓர் எண்ணிக்கை. அக்காவுக்கு மதிப்புக்குரிய ஓர் உயிர். இந்த வேறுபாட்டை ஒரு சிறு விகுதி சொல்லிவிடுகிறது.

கவிதையில் ஐந்து பகுதிகள், பகுதிக்கு எட்டு வரிகள். அந்த வேண்டுகோள் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு தடவை வருகிறது. ஆனால் ஒரே இடத்தில் வருவதில்லை. முதற் பகுதியில் இரண்டாவது வரி, அடுத்ததில் நான்காவது, மூன்றாவதில் முதல் வரி, பிறகு மீண்டும் இரண்டாவது. கடைசிப் பகுதியில் மட்டும் அதுவே இறுதி வரி. படலையடியில் நிற்கும் தாய், வேறு கதைகளுக்கு நடுவிலும் “கவனம், கவனம்” என்று சொல்லிக்கொண்டிருப்பாள் அல்லவா? அதைப் போலத்தான் இதுவும்.

இனிப் படிமங்களைப் பாருங்கள். ஆளைக் கொல்லச் சொல்லிக் கையில் கத்தியைக் கொடுத்தா இருபத்துநான்கு வயது வரை உன்னை வளர்த்தார்கள் என்று கேட்கிறாள். கோட்டை விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன, கடைக்காரன் வீட்டுக்கு அதில் என்ன இருக்கிறது என்கிறாள். பேரரசர் தாமே போர்முனைக்குப் போவதில்லை என்பதையும் துணிந்து சொல்கிறாள். பிறகு வீட்டுக்குள் வருகிறாள். முந்திய இலையுதிர் காலத்தில் கணவனை இழந்த தாயின் தலையில் நரை கூடியிருக்கிறது. கடை வாசலில் தொங்கும் துணித்திரைக்குப் பின்னால், பத்து மாதம்கூடச் சேர்ந்து வாழாத இளம் மனைவி குப்புற விழுந்து அழுகிறாள். கோட்டையில் தொடங்கி நரைமயிர் வரை, பெரியதிலிருந்து சிறியதுக்கு வருகிறது கவிதை. எங்கள் மனதில் கனப்பது அந்தச் சிறியதுதான்.

இது தேசத்துக்கு ஆபத்தான கருத்து என்று ஒமாச்சி கெய்கெற்சு என்ற விமர்சகர் கண்டித்தார். அகிகோ நவம்பரில் பதில் எழுதினார். படையினர் புறப்படும் நாளில் ரயில் நிலையத்தில் போய் நின்று பாருங்கள், பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் கையைப் பிடித்துக்கொண்டு சுகமாகத் திரும்பி வரச் சொல்லித்தானே அனுப்புகிறார்கள், நானும் அதைத்தான் பாடினேன் என்பது அவருடைய வாதம்.

இந்த இடத்தில் என் குரல் தடுமாறியது. 1990இல் என் தம்பி வீட்டை விட்டுப் போன பின்னேரம், நான் அடுப்படியில் நின்றேன். “போட்டு வாறன் அக்கா” என்றான். “சாப்பிட்டிட்டுப் போவன்” என்றேன். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. அவன் வரவில்லை. அகிகோவின் தம்பி உயிரோடு திரும்பினார். நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று பல வருடங்கள் என்னையே நொந்திருக்கிறேன். அன்று பாயில் இருந்த ஓர் அம்மா சொன்னார்: “பிள்ளை, சாப்பிட்டிட்டுப் போ எண்டதும் அதுதானே.”

நான் மறைக்கக்கூடாத இன்னொரு செய்தியும் உண்டு. பசிபிக் போர் மூண்டபோது, கடற்படை அதிகாரியாகப் போன தன் மகனை, வீரமாகப் போரிடும்படி வாழ்த்தி இதே அகிகோ கவிதை எழுதினார். 1942இல் காலமானார். இதைக் கேட்டதும் எல்லோரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். முன்பு அப்படி எழுதிய தாயின் வாயிலிருந்தே வீட்டுச் சொல்லைப் பறித்துவிட்டுத் தன் சொல்லை வைக்கும் பலம் போருக்கு இருக்கிறது. அதனால் 1904இன் கவிதை பொய்யாகிவிடாது. அந்தச் சொல்லைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்றுதான் தெரிகிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டு வாசலில் நீங்கள் கடைசியாகச் சொன்ன வார்த்தை எது? அதை ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். கவிதையாக வரவேண்டும் என்றில்லை. அடுத்த வாசிப்புக்கு நாங்களும் எங்கள் கொப்பிகளோடுதான் வரப்போகிறோம்.