சிறுவர் சித்திரங்களைப் பேணுதல்

குழந்தைகள் வாழும் இல்லத்திற் சித்திரத்திற்குப் பஞ்சமில்லை. பேச்சுத் திருந்துவதற்கு முன்னரே கை கோடிழுக்கத் தொடங்கிவிடுகிறது. கிடைத்த காகிதமெல்லாம், அது கிடையாதபோது சுவரும் தரையும், அக்கைக்கு இடந்தருகின்றன. நமது சேந்தமங்கலத்துச் சிறுவர் வரையும் படங்களை நோக்குவோமாயின், கீழ்த்திசையில் நிற்கும் கொல்லிமலையும், அதன் இரு முகடுகளுக்கிடையே எழும் கதிரவனும், கோயிற் கோபுரமும், நாமக்கல்லை நோக்கி விரையும் லாரியும், கோழியும் அதன் முட்டையும் திரும்பத் திரும்ப வந்து நிற்றலைக் காணலாம். இவற்றின் ஆயுளோ மிகச் சிறிது. ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பழைய நோட்டுப் புத்தகங்களோடு எடைக்குப் போவன பாதி. போகிப் பண்டிகையன்று தீக்கிரையாவன பாதி. தப்பிப் பிழைத்தவை கறையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் இரையாகின்றன. ஆதலின், இவற்றுள் எவற்றைக் காத்தல் தகும், எங்ஙனம் காத்தல் கூடும் என்னும் இரண்டையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

காத்தல் எதற்கு என்னும் வினா முதலில் எழும். மோகனூரில் 1888-ஆம் ஆண்டு பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை அவர்கள், கவிஞரெனப் புகழ் பெறுமுன் ஓவியராய் விளங்கியவர் என்பதை இவ்வட்டாரத்தார் அறிவர். நம் குழந்தையும் அவ்வாறு ஓவியராகக் கூடுமென்று கருதிப் படங்களைச் சேர்ப்பார் சிலர் உளர். அக்கருத்துப் போதாது. குழந்தை பின்னாளில் வழக்கறிஞராயினும், லாரிப் பட்டறையிற் கைவினைஞராயினும், அதன் இளமைச் சித்திரம் மதிப்புக் குறைவதில்லை. அது கலைப்பொருளாவதினும், ஒரு மனம் உலகத்தை அறிந்துவந்த வழியின் சுவடாதலே பெரிது.

இதனை நன்கு விளக்கியவர் லூக்கே என்னும் பிரெஞ்சு அறிஞர். அவர் தம் மகள் சிமோன் சிறு பருவமுதல் வரைந்த படங்களைச் சேர்த்து ஆராய்ந்து 1913-இல் ஒரு நூல் வெளியிட்டார். குழந்தை தன் கண் காண்பதை வரைவதில்லை, தான் அறிந்ததையே வரைகிறது என்பது அவர் கண்ட முடிபுகளுள் ஒன்று. நம் ஊர்ச் சிறுவர் கோழியின் வயிற்றுக்குள் முட்டையையும், மூடிய வீட்டுக்குள் அமர்ந்திருக்கும் பாட்டியையும், லாரியின் இருபுறச் சக்கரங்களையும் ஒருங்கே காட்டுவது இதனாலேயாம். இதனைப் பிழையென்று திருத்தும் பெற்றோர், குழந்தை தந்த செய்தியை அழித்தவராகின்றனர். ஒரு தந்தை தம் வீட்டிற் சேர்த்த தாள்கள் உளநூலுக்கே ஆதாரமாயின என்பதை எண்ணும்போது, நாம் எடைக்குப் போடுவது யாதென்பது புலனாகும்.

நமக்கு அண்மையிலேயே மற்றொரு சான்று உண்டு. கொச்சி நகரத்து எட்மண்ட் தாமஸ் கிளிண்ட் என்னும் சிறுவன் 1976 மே மாதம் பிறந்து, சிறுநீரக நோயால் 1983 ஏப்ரலில், ஏழாண்டு நிரம்புமுன் மறைந்தான். அக்குறுகிய வாழ்நாளுள் அவன் வரைந்தவை ஏறக்குறைய 25,000 என்பர். பெற்றோர் அவற்றை அவன் உயிரோடிருந்த காலத்திலேயே பேணி வந்தமையால், பின்னர் அவை கண்காட்சிகளில் வைக்கப்பட்டு உலகம் அறிந்தன. மகனை இழந்த பின் தேடத் தொடங்கியிருப்பின் எஞ்சியவை எத்துணையோ!

இதனினும் உருக்கமானது தெரேசின் நகரத்துச் செய்தி. செக் நாட்டிலுள்ள அந்நகரத்தை நாஜிகள் யூதர்க்குச் சிறைச்சேரியாக்கியிருந்தனர். 1942 டிசம்பரில் அங்கே அனுப்பப்பெற்ற பிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்னும் ஓவிய ஆசிரியை, அடைபட்டிருந்த சிறுவர்க்குச் சித்திரம் பயிற்றினார். ஒவ்வொரு தாளிலும் வரைந்தவர் தம் பெயரை எழுதும்படி பழக்கினார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொலையுண்டார். எனினும் இரண்டு பெட்டிகளில் வைக்கப்பட்ட ஏறக்குறைய 4,500 சித்திரங்கள் போருக்குப் பின் வெளிவந்தன. இன்று பிராக் நகரத்து யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. அச்சிறுவருட் பெரும்பாலோர் மீளவில்லை. ஆயினும் பெயர் எழுதப்பட்டிருந்தமையால், இப்பூவை வரைந்தவர் இன்னார், இவ்வீட்டை வரைந்தவர் இன்னார் என்று இன்றும் சொல்ல இயல்கிறது.

இதிலிருந்து பேணுதலின் முதல் விதியைப் பெறுகிறோம். சித்திரத்தைக் காட்டிலும் அதன் குறிப்பே முதலில் அழிவது. ஆதலின் ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும், ஓர் ஓரத்தில், குழந்தையின் பெயர், வயது, நாள் ஆகியவற்றை எழுதுக. மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுதல் வேண்டும். பேனாமை மறுபுறம் ஊறும். நான்காவதாகக் குழந்தை அப்படத்தைப்பற்றிச் சொன்ன சொற்களை அதன் மொழியிலேயே குறித்துக்கொள்க. வட்டமும் இரு கோடுமாய்க் கிடப்பது 'அப்பா ஓட்டுற லாரி' என்று அன்றைக்கு எழுதி வைத்தாலன்றிப் பத்தாண்டு கழித்து எவர்க்கும் விளங்காது. நம் வட்டாரத்தில் லாரி ஓட்டும் தந்தையர் பலர், வாரக்கணக்கில் வடநாட்டுச் சாலைகளில் இருப்பவர். அவர் வீடு திரும்புங்கால், தாம் காணாத நாட்களில் மகள் என்ன நினைத்தாள் என்பதைக் காட்டும் நாட்குறிப்பு இத்தாள்களேயாம்.

அடுத்தது தேர்வு. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முயல்வோர் ஈற்றில் எதனையும் வைத்துக்கொள்வதில்லை. குவியல் பெருகப் பெருகச் சலிப்பு மிகுந்து ஒரேநாளில் முழுவதையும் எறிந்துவிடுவர். ஆகவே வீட்டில் ஓர் அட்டைப்பெட்டி வைத்து, வரைந்தவற்றையெல்லாம் ஆண்டு முழுதும் அதிலிட்டு வருக. மே மாத விடுமுறையில் ஒருநாள் குழந்தையையும் உடன் அமர்த்திக்கொண்டு தெரிந்தெடுக்க. அழகானது எது என்று மட்டும் பாராமல், புதிதாய் எது தோன்றிற்று என்று நோக்குதல் நலம். முதன்முதல் மூடிய வட்டம், முதன்முதல் கைகால் முளைத்த தலை, முதன்முதல் தரைக்கோடு, முதன்முதல் எழுதிய தன் பெயர் என்பன போன்றவை ஒருமுறையே வருவன. பின்னர்க் குழந்தை விரும்புவன சிலவற்றையும், பெற்றோர் விரும்புவன சிலவற்றையும் கூட்டுக. ஆண்டொன்றுக்கு இருபது முப்பது தாள் போதும். எஞ்சியவற்றைக் கைப்பேசியிற் படமெடுத்து வைத்துக்கொண்டு விடலாம். களிமண் உருவம், பனையோலைக் காற்றாடி முதலியவற்றிற்கும் இதுவே வழி. ஆனால் குழந்தையின் கண்ணெதிரே கிழித்தலும் எரித்தலும் ஆகா.

இனிப் பகைகளைக் கூறுவோம். முதற்பகை காகிதத்துக்குள்ளேயே உளது. மலிவான தாள் மரக்கூழினால் ஆயது. அதிலுள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியாலும் காற்றாலும் பழுப்பேறும். அமிலம் மிகுந்து தாள் நொறுங்கும். செய்தித்தாளில் வைத்துச் சுற்றிய நல்ல படமும் அதனால் கறைபடும். கூடுமானால் குழந்தைக்கு அமிலமற்ற வரைதாள் வாங்கித் தருக. இயலாவிடின் சேமிக்கும் உறையாவது நல்ல தாளாய் இருத்தல் வேண்டும்.

இரண்டாம் பகை ஒளி. ஸ்கெச் பேனாவின் சாயம் வெயிற்படும் சுவரில் சில மாதங்களிலேயே வெளுத்துப்போகும். ஆதலின் சுவரில் தொங்கவிடுவதை மாதந்தோறும் மாற்றுக. சாளரத்துக்கு எதிர்ச்சுவரைத் தவிர்க்க. கயிறு கட்டி மரக்கிளிப்பினால் மாட்டுதல் போதும்.

மூன்றாம் பகை வெப்பம். சேந்தமங்கலத்துச் சித்திரை வைகாசி வெயில் எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. தகரக்கூரையின் கீழே பரண்மேல் வைத்த பெட்டியில், கிரேயான் என்னும் மெழுகு வர்ணம் இளகி அடுத்த தாளில் ஒட்டிக்கொள்ளும். தாளுக்குத் தாள் இடையே வெண்ணெய்த்தாள் இட்டுப் பெட்டியைத் தரைத்தளத்து அறையில், சுவரையும் நிலத்தையும் தொடாதபடி ஒரு பலகைமேல் வைக்க. போஸ்டர் வர்ணம் பூசிய தாளைச் சுருட்டினால் வர்ணம் செதிலாய் உதிரும், சமதளமாகவே கிடத்துக.

நான்காம் பகை ஈரம். ஐப்பசி கார்த்திகை மழையிற் காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நெடுநாள் நிற்குமாயின் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். பாலிதீன் பையில் இறுகக் கட்டிவைத்தல் பாதுகாப்பென்று பலர் கருதுகின்றனர். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி அதுவே கேடு செய்யும். அட்டைப்பெட்டி மூச்சுவிடும், ஆதலின் அதுவே மேலானது.

ஐந்தாம் பகை பூச்சி. நம் முன்னோர் ஓலைச்சுவடிகளைக் காத்த முறை இதற்குத் துணையாகும். தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கர்ப்பூரத்தோடு சிறு துணிமுடிச்சுகளாகக் கட்டிச் சுவடிகளினிடையே வைப்பது வழக்கம். வீட்டுப் பெட்டிக்கும் அத்தகைய முடிச்சு ஏற்றது. காகிதத்தின்மேற் படாமல் மூலையில் வைத்து, மணம் குன்றியதும் மாற்றுக. பாச்சை உருண்டையைக் குழந்தைகள் விழுங்கினால் நஞ்சாகும். ஆதலின் அதனை விலக்குக.

ஆறாம் பகை நம் கையே. செலோடேப் ஒட்டினால் அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளித்துத் தாளைக் கறைப்படுத்தும். குண்டூசியும் ஸ்டேப்ளர் கம்பியும் துருவேறும். லாமினேஷன் செய்த தாளை மீட்டல் அரிது. சூடும் அழுத்தமும் மெழுகு வர்ணத்தைக் கெடுக்கும். கிழிந்ததை ஒட்டவேண்டின், பின்புறத்தில் மெல்லிய தாள்துண்டை மாப்பசையால் ஒட்டி நன்றாய் உலர்த்துக. பசை மிகின் பூச்சியை அழைக்கும்.

பெட்டியைத் திறந்து பார்க்க ஆண்டில் இரு நாட்கள் குறித்துக்கொள்ளலாம். சரசுவதி பூசைக்குப் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது மழைக்கு முன் வருவதால் அன்று இப்பெட்டியையும் துடைத்து வைக்க. மழை நின்றபின், தை பிறக்குமுன் மற்றொரு முறை திறந்து காற்றாட விடுக. போகித் தீக்கு எதனையும் எடுக்குமுன் இப்பெட்டியைத் தனியே ஒதுக்கிவிடுதல் இன்றியமையாதது. கைப்பேசியிலுள்ள படங்களும் அழிவற்றவை அல்ல. கைப்பேசி தொலைந்தால் அவையும் தொலையும். வேறோர் இடத்தில் இன்னொரு படி இருத்தல் வேண்டும்.

எல்லாமே நிலைத்தல் வேண்டுமோ என்று வினவலாம். வாயிலில் நாடோறும் இடும் கோலம் நண்பகலுக்குள் காலடியில் மறைகிறது. மறுநாள் புதிது பிறக்கிறது. அதனால் எவரும் வருந்துவதில்லை. எனினும் அக்கோலங்களைப் புள்ளிக் கணக்கோடு ஒரு நோட்டில் எழுதி மகளுக்குத் தரும் தாய்மாரும் உளர். அழிவதை அழியவிட்டு, வழியை மட்டும் காத்த அவ்வறிவே நாம் கொள்ளத்தக்கது.

இறுதியாக ஒன்று கூறுவோம். பெட்டி பெற்றோருடைய வீட்டில் இருப்பினும் அதன் உடைமையாளர் குழந்தையே. வளர்ந்தபின் அவர் கையில் அதனை ஒப்படைத்தல் கடன். அதுவரை அவர் நாணும் படத்தைப் பிறர்க்குக் காட்டி நகைத்தலும், இசைவின்றிப் பரப்புதலும் முறையல்ல. இவ்விதழைப் படிக்கும் மாணவருட் பலர் நாளை ஆசிரியராவர், பலர் பெற்றோராவர். வகுப்பிலோ வீட்டிலோ ஒரு சிறு கை ஒரு தாளை நீட்டும்போது, அதனை வாங்கி, 'இது என்ன, சொல்' என்று கேட்டு, கேட்டதைப் பின்புறத்தில் எழுதி, நாளிடுக. அதற்கு வேண்டுவது ஒரு பென்சிலும் அரை நிமிடமுமே.