தக்காளி ஏலமும் இருபது பந்தும்

கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்த தம்பி, ஐ.பி.எல். பந்தயத்தில் அம்மாவின் வளையலை அடகு வைத்தான். அது போதாமல் கடன் செயலியில் வாங்கினான். இப்போது அந்தக் கடனை அடைக்க இன்னொரு செயலி. கிணத்துக்கடவு வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “தோக்கத்தான் போறோம்னு அவனுக்கே தெரியுதுங்க. கணக்குப் போட்டு எனக்கே வெளக்கறான். அப்பறம் ஏனுங்க விடமாட்டேங்கறான்?”

தம்பி போட்ட கணக்கு அநேகமாக இதுதான். ஜெயிக்கவும் தோற்கவும் சரிபாதி வாய்ப்புள்ள ஒன்றின் மேல் 100 ரூபாய் கட்டுகிறீர்கள். ஜெயித்தால் கைக்கு வருவது 200 இல்லை, 190. அந்தப் பத்து ரூபாயில்தான் கடை நடக்கிறது. 100 ரூபாய்க்குச் சராசரியாக 5 ரூபாய் நஷ்டம். ஆயிரம் ஆயிரமாக இருபது தடவை கட்டினால் சராசரியாக ஒரு முழு ஆயிரம் காலி. பந்துக்குப் பந்து கட்டுகிறவனுக்கு இருபது தடவை என்பது மூன்று ஓவரும் இரண்டு பந்தும். பவர்பிளே கூட முடிந்திருக்காது.

இவ்வளவு தெரிந்தவன் ஏன் விடமாட்டேன் என்கிறான்? வாட்ஸ்அப் மருத்துவர்களிடம் ஒரு சொல்லில் பதில் இருக்கிறது: டோபமைன். அது இன்பத்தைச் சுரக்கும் ரசாயனமாம், ஒரு வாரம் ‘டோபமைன் விரதம்’ இருந்தால் மூளை துலக்கிய பித்தளைச் சொம்பு மாதிரி ஆகிவிடுமாம். விரதத்தால் நன்மை உண்டோ இல்லையோ, விரதம் கற்றுத்தரும் வகுப்புக்குக் கட்டணம் உண்டு. டோபமைன் செய்யும் வேலை அதைவிட வேடிக்கையானது.

கிணத்துக்கடவு காய்கறி மார்க்கெட்டுக்கே போவோம். 15 கிலோ தக்காளிப் பெட்டி 150 ரூபாய்க்குப் போகும் என்று நினைத்து ஒரு விவசாயி வருகிறார். ஏலத்தில் 300 கேட்கிறார்கள். முகம் மலர்கிறது. மறுநாளும் 300. பணம் அதேதான், ஆனால் முகத்தில் நேற்றைய மலர்ச்சி இல்லை. மூன்றாம் நாள் 200. முதல் நாள் எதிர்பார்த்ததைவிட ஐம்பது அதிகம்தான், இருந்தாலும் முகம் தொங்கிவிடுகிறது. அந்த முகம்தான் டோபமைன் நரம்பணு. வந்த தொகையை அது எண்ணுவதில்லை. வந்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணுகிறது. நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தது இதைத்தான். எதிர்பாராமல் சாறு வந்தால் நரம்பணு துடித்தது. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிய பிறகு விளக்குக்குத் துடித்தது, சாற்றுக்குத் துடிக்கவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய அதே கணத்தில் கப்சிப்.

எனக்கு இதைவிடப் பிடித்தது 2003இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு. விளக்குக்கும் சாற்றுக்கும் இடைப்பட்ட ஓரிரு நொடியை மட்டும் கவனித்தார்கள். சாறு நிச்சயம் வரும் என்றால் அந்த இடைவெளியில் நரம்பணு சும்மா இருந்தது. நிச்சயம் வராது என்றாலும் சும்மா இருந்தது. வரலாம், வராமலும் போகலாம் என்ற சரிபாதிச் சந்தேகத்தில்தான் துடிப்பு மெல்ல ஏறி உச்சத்துக்குப் போனது. ஏலக்காரர் “ஒருதரம், ரெண்டுதரம்” சொல்லிவிட்டு நிறுத்தும் இடம் அது. பவுலர் ஓடி வருவதும் அந்த இடைவெளியில்தான். தம்பி காசு கொடுத்து வாங்குவது வெற்றியை என்பதைவிட, அந்த நொடியை என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. தோற்றாலும் அந்த நொடி கிடைத்துவிடுகிறது. நஷ்டக் கணக்கைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பயனில்லாமல் போவது இதனால்தான்.

குரங்கை வைத்து மனிதனை அளக்கலாமா என்று கேட்பவர்களுக்கு இன்னொரு சாட்சி உண்டு. பார்க்கின்சன் நோய்க்கு பிரமிபெக்ஸோல் என்று ஒரு மருந்து, டோபமைன் போலவே மூளையில் வேலை செய்வது. அதைச் சாப்பிட்டவர்களில் சிலர், அதுவரை சீட்டுக்கட்டைத் தொடாதவர்கள், திடீரென்று சூதில் இறங்கிப் பணத்தைத் தொலைத்தார்கள். மருந்தைக் குறைத்தபோதோ நிறுத்தியபோதோ பலருக்கு அந்த ஆசை போய்விட்டது. ‘கொழுப்பெடுத்து ஆடுகிறான்’ என்னும் ஊர்த் தீர்ப்பு இங்கே செல்லாது.

தக்காளி உவமை ஓரிடத்தில் நொண்டும். ஏலத்தில் ஏமாந்த விவசாயி அடுத்த நடவு போட்டால், முதல் பறிப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் களை இருக்கிறது, கல்யாணம் இருக்கிறது, ஆத்திரம் ஆறிவிடும். சேவல்கட்டுக்கும் ஊர் தாண்டிப் போகவேண்டும். வேலந்தாவளம் தாண்டிக் கேரள லாட்டரி வாங்கி வந்தாலும் குலுக்கல் வரை காத்திருக்க வேண்டும். செல்போன் பந்தயத்தில் அடுத்த பந்து ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்ற எண்ணம் ஆற நேரமே இல்லை. ஒரு டி20 ஆட்டத்தில் இப்படி 240 பந்து.

வரலாறு சொல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார், ஒரு பத்தி. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980இல் இந்தச் சூதாட்ட வெறியை நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள், பின்னர் 2013இல் மதுவுக்கும் போதைப் பொருளுக்கும் பக்கத்தில் நகர்த்தினார்கள். குறளில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து. வரிசையைச் சொன்னேன், அவ்வளவுதான். வள்ளுவர் நரம்பியல் அறிந்திருந்தார் என்று யாரும் மேடையேற வேண்டாம்.

இனி சட்டத்தின் கதை. தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்தது. 2022இல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. 45 கோடிப் பேர் ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்று அப்போது அரசுத் தரப்பில் ஒரு மதிப்பீடு சொல்லப்பட்டது. வகுத்துப் பார்த்தேன்: தலைக்கு 444 ரூபாய். 444 ரூபாய்க்கு எந்தக் குடும்பமும் நடுத்தெருவுக்கு வராது. பெரும்பாலோர் டீக்காசை விடுகிறார்கள், சிலர் தென்னந்தோப்பை விடுகிறார்கள், சராசரி இரண்டையும் கலந்து மூடிவிடுகிறது. தடைக்குப் பிறகு பெரிய செயலிகள் பணப் போட்டிகளை நிறுத்திவிட்டன. வெளிநாட்டிலிருந்து நடக்கும் தளங்கள் பெயரை மாற்றிக்கொண்டு வருகின்றன.

அம்மணி, உங்கள் தம்பிக்குப் புத்திமதி வேண்டாம், இடைவெளி வேண்டும். சம்பளம் வேறொருவர் கணக்குக்குப் போகட்டும், செல்போனில் பணம் அனுப்பும் வசதியை எடுத்துவிடுங்கள். கடனை மொத்தமாக அடைத்து அவன் கையைச் சுத்தமாக்காதீர்கள், அது அடுத்த ஆட்டத்துக்கு முதலாகிவிடும். பேச்சு வழிச் சிகிச்சைக்குப் பலன் உண்டு, மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தம்பி கூப்பிட மாட்டான் என்றால் நீங்களே கூப்பிடலாம்.