இறால் குட்டையில் பணம் போடச் சொல்றாங்களா? முதல்ல ‘புரோபயாடிக்’ செலவைப் பாருங்க!



“ஊர்ல இறால் குட்டை எடுக்கிறோம் மச்சான், நீ 3 லட்சம் போடு, நாலே மாசத்துல லாபத்தோட தர்றேன்.” நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் சொந்தக்காரங்க இருந்தா இப்படி ஒரு போன் உங்களுக்கும் வந்திருக்கலாம். சரின்னு சொல்றதுக்கு முன்னாடி செலவுக் கணக்கைக் கேட்டு வாங்குங்க. தீவனம், இறால் குஞ்சு, டீசல், கரன்ட் பில் வரிசையில ‘புரோபயாடிக்’னு ஒண்ணு இருக்கும். இன்னைக்கு அதை மட்டும் பார்ப்போம்.

இது என்ன வேலை செய்யுது?

நமக்குத் தயிர் மாதிரி, இறாலுக்குக் கொடுக்கிற நல்ல பாக்டீரியா இது. பேசில்லஸ், லேக்டோபேசில்லஸ் வகைகள் அதிகம். தீவனத்தில் கலந்து கொடுத்தால் குடலுக்குப் போய், உணவைச் செரிக்க உதவும் என்சைம்களைச் சுரக்கும். விப்ரியோ போன்ற கெட்ட பாக்டீரியாவுக்கு இடமும் சாப்பாடும் கிடைக்காமல் போட்டி போடும். வெல்லப்பாகு, தவிடு சேர்த்து ஊறவைத்து குட்டையில் ஊற்றினால், அடியில் தேங்கும் மிச்சத் தீவனத்தையும் கழிவையும் சிதைக்கும்.

இதுல லாபம் எங்கே?

பண்ணைச் செலவில் ஏறக்குறைய பாதி தீவனம்தான். ஒரு கிலோ இறால் வளர எத்தனை கிலோ தீவனம் போச்சு என்பதைத்தான் ‘எஃப்.சி.ஆர்’ என்கிறார்கள்.

ஒரு உதாரணக் கணக்கு. அறுவடை 4 டன், தீவனம் கிலோ 90 ரூபாய், புரோபயாடிக் செலவு 50,000 ரூபாய்னு வச்சுக்குவோம்.

- எஃப்.சி.ஆர் 1.6-லிருந்து 1.4 ஆகக் குறைந்தால், 800 கிலோ தீவனம் மிச்சம். அதாவது 72,000 ரூபாய். செலவு போக 22,000 கையில் நிற்கும்.
- 1.5 வரைக்கும்தான் குறைஞ்சுதுன்னா, மிச்சம் 36,000 மட்டுமே. 14,000 ரூபாய் கையை விட்டுப் போச்சு!

இறால் கூடுதலா பிழைச்சா கணக்கு இன்னும் நல்லா வரும். ஆனா “நாங்க நல்ல கம்பெனி புரோபயாடிக் போடுறோம்”னு சொல்றது மட்டும் உங்களுக்குப் பதில் இல்லை. போன அறுவடையின் எஃப்.சி.ஆர் எவ்வளவு? அதுதான் பதில்.

எதை எதிர்பார்க்கக் கூடாது?

புரோபயாடிக்கை எஸ்.ஐ.பி மாதிரி நினைங்க. கொஞ்சம் கொஞ்சமா, விடாம போடணும். நோய் வந்த பிறகு மொத்தமா கொட்டினா வேலைக்கு ஆகாது. டேர்ம் இன்ஷூரன்ஸா நினைக்கவே நினைக்காதீங்க. வெள்ளைப்புள்ளி வைரஸ் வந்தால் அதைக் குணப்படுத்தும் சக்தி இதுக்குக் கிடையாது. சில நாள்லயே குட்டை மொத்தமும் போயிடலாம்.

இன்னொரு ஆபத்து, பயத்தில் ஆன்டிபயாடிக் போடுவது. குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் போன்றவை இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. ஏற்றுமதிச் சோதனையில் அதன் எச்சம் தெரிஞ்சா சரக்கு நிராகரிக்கப்படும். உங்க 3 லட்சமும் அந்தச் சரக்குக்குள்ளதான் இருக்கு.

பணம் போடும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு இருக்கா? நகலைக் கேளுங்க.
2. கடைசி மூணு அறுவடையின் எஃப்.சி.ஆர், பிழைத்த சதவீதம் எவ்வளவு?
3. புரோபயாடிக் பில் இருக்கா? காலாவதி தேதி என்ன? எங்கே வைக்கிறாங்க? உள்ளே இருப்பது உயிருள்ள பாக்டீரியா. வெயில்ல கிடந்த பாக்கெட்டை நம்ப முடியாது.
4. நோய் வந்து குட்டை போனா, நஷ்டத்தை யார் எப்படிப் பிரிச்சுக்கிறது? எழுத்துல இருக்கா?

நாலுக்கும் தெளிவா பதில் வந்தாலும், மொத்தமா போனாலும் உங்க இ.எம்.ஐ தடுமாறாத அளவு பணத்தை மட்டும் போடுங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடவே தொடாதீங்க.

உங்க வீட்டுல யாராவது இறால் பண்ணை வச்சிருக்காங்களா? அவங்களோட எஃப்.சி.ஆர் எவ்வளவுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்!