இடித்தது லாரி, செலவு யார் தலையில்?

டமார்!

உத்திரமேரூர் பக்கத்து ரோடுகளில் இந்தச் சத்தம் புதிதல்ல. ஒரு பக்கம் கல் குவாரி லாரி. மறுபக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர். நடுவே காஞ்சீபுரம் பஸ். இத்தனைக்கும் இடையில் பால் கேனைக் கட்டிக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள்!

ஓர் உதாரணம் பார்ப்போம். முன்னால் நின்ற லாரி திடீரென்று பின்னுக்கு வருகிறது. பால்காரர் குதித்துத் தப்பிவிட்டார். உடம்பில் கீறல்கூட இல்லை. ஆனால் வண்டியின் முன்விளக்கு நொறுங்கிவிட்டது. மட்கார்டு நெளிந்துவிட்டது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "6,400 ரூபாய் ஆகும்" என்கிறார்.

வண்டி ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். 6,400 ரூபாயை யார் கொடுப்பது?

இடித்தவர்தான் கொடுக்க வேண்டும்

கவனக்குறைவாக ஓட்டியவரும் வண்டியின் சொந்தக்காரரும்தான் பொறுப்பு. ஆனால் அவர்கள் கையில் பணம் இல்லாவிட்டால்? அதற்காக ஏற்பட்டதுதான் கட்டாய இன்ஷூரன்ஸ். இந்தியாவில் 1946-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. பிறர் பொருளுக்கு ஏற்படும் சேதத்துக்கும் தனித் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்கலாம் என்று 1969-ம் ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது நடைமுறையில் இருப்பது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம்.

ஆகவே, லாரியின் இன்ஷூரன்சில் இருந்து பால்காரர் பணம் கேட்கலாம். லாரி, கார்களின் பாலிசியில் பிறர் பொருள் சேதத்துக்கு வழக்கமான வரம்பு 7½ லட்சம் ரூபாய். இரு சக்கர வண்டிகளுக்கு 1 லட்சம். ஆனால் சிலர் பிரீமியத்தில் சிறிது மிச்சம் பிடிக்க, இந்த வரம்பை 6,000 ரூபாயாகக் குறைத்துக் கொள்வது உண்டு. அப்படியானால், அதற்கு மேல் ஆகும் தொகையை வண்டிக்காரர் தன் மடியில் இருந்து கொடுக்க வேண்டும்.

ஐந்து வருஷ ஏமாற்றம்

"எனக்குத்தான் ஐந்து வருஷ இன்ஷூரன்ஸ் இருக்கிறதே!" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

2018-ம் ஆண்டு செப்டம்பர் முதல், புது மோட்டார் சைக்கிளுக்கு ஐந்து வருஷ இன்ஷூரன்ஸ் கட்டாயம். ஆனால் அது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு மட்டும்தான். நம் வண்டியைப் பழுது பார்க்க உதவுவது "சொந்த சேத" இன்ஷூரன்ஸ். அது பெரும்பாலும் ஒரு வருஷத்தோடு முடிந்துவிடும். அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும்.

அந்த இடத்திலேயே செய்ய வேண்டியவை

கூட்டம் கூடும். பஞ்சாயத்து நடக்கும். "போகட்டும், விடுங்கள் அண்ணே, நாளைக்கு வந்து தருகிறேன்" என்பார் லாரி டிரைவர். நாளை வரும், லாரி வராது!

எனவே, வண்டியை நகர்த்தும் முன் செல்போனில் படம் எடுங்கள். லாரியின் நம்பர் தெரிய வேண்டும். சேதமும் ரோடும் தெரிய வேண்டும். டிரைவரின் பெயரையும் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயரையும் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். அவற்றைக் கொடுக்க வேண்டியது அவர் கடமை. பார்த்தவர் இருவரின் போன் நம்பரையும் வாங்குங்கள்.

பிறர் பொருளுக்குச் சேதம் ஏற்பட்டால், டிரைவர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அவர் போகட்டும் என்று காத்திராமல், நீங்களே மனு கொடுங்கள். 'சி.எஸ்.ஆர்.' ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.

இருநூறு, முந்நூறு கொடுத்து, "இனி எந்தப் பாத்தியமும் இல்லை" என்று கையெழுத்துக் கேட்டால் போட வேண்டாம். மெக்கானிக்கின் எஸ்டிமேட் வரட்டும். சமாதானமாகப் போக விரும்பினால், முழுத் தொகையை வாங்கிக்கொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நம் இன்ஷூரன்சில் கேட்டால்?

பால்காரரின் வண்டி வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. சொந்த சேத இன்ஷூரன்சைப் புதுப்பித்திருக்கிறார். அப்படியானால், வண்டியைப் பிரிக்கும் முன் கம்பெனிக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அவர்கள் பார்த்த பிறகுதான் வேலை தொடங்க வேண்டும்.

கணக்கு இதோ: பிளாஸ்டிக் சாமான் 2,000 ரூபாய், அதில் பாதி கழியும். இரும்புச் சாமான் 3,000. பத்தில் ஒரு பங்கு, அதாவது 300 கழியும். கூலி 1,400, கழிவு இல்லை. கட்டாயப் பிடித்தம் 100. ஆக, 6,400-க்குக் கைக்கு வருவது 5,000 ரூபாய். மீதி 1,400 ரூபாயை லாரிக்காரர் தரப்பில் கேட்கலாம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒரு வருஷம் பணம் கேட்காமல் இருந்தால், அடுத்த வருஷ சொந்த சேத பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. ஐந்து வருஷம் கேட்காவிட்டால் 50 சதவீதம். பணம் கேட்டால் அந்தச் சலுகை போய்விடும். சின்ன ரிப்பேருக்குக் கை வைக்கும் முன் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்க முடியாது. தமிழ்நாட்டு நூல் ஆலை ஒன்று கல்கத்தாவுக்கு அனுப்பிய நூல் லாரி விபத்தில் பாழானது. ஆலைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்தது. பிறகு ஆலையும் கம்பெனியும் சேர்ந்து, சரக்கை ஏற்றிச் சென்ற நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டன. அது செல்லும் என்று 2010-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு கூறியது. பணம் கொடுத்தவருக்கே வசூலிக்கும் உரிமை போய்ச் சேருகிறது.

பேச்சுக்கு மசியாவிட்டால்?

மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே கேட்கலாம். ஆனால் நாள் கடத்தாதீர்கள். ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதி 2022-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தது.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இலவச சட்ட உதவி கிடைக்கும். பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு கிடையாது. லோக் அதாலத்தில் கோர்ட்டுக் கட்டணம் இல்லை. அங்கே இரு தரப்பும் ஒத்துக்கொண்ட முடிவுக்கு அப்பீல் இல்லை.

கல்லில் எழுதிய பாடம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரைப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில் குடவோலைத் தேர்தல் விதிகளை அங்கே கல்லில் வெட்டி வைத்தார்கள். அதில் ஒரு விதி: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், மறுபடியும் வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது!

ஆயிரம் வருஷத்துக்கு முன்பே, "வாய்ப்பேச்சு போதாது, கணக்கு வேண்டும்" என்று சொன்ன ஊர் இது. ரோட்டில் நடக்கும் விபத்துக்கும் அதே நியாயம்தான். எழுத்தில் இருப்பது காசாகும். பேச்சில் இருப்பது காற்றோடு போகும்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வண்டிப் பெட்டியில் இருக்கும் பாலிசியை எடுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையை உட்கார வைத்து, சொந்த சேத இன்ஷூரன்ஸ் முடியும் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். தேதி தாண்டிவிட்டதா? நாளைக்கே புதுப்பித்துவிடுங்கள்!