சதை கூடுது, கவசம் தேயுது!

நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் எழும் கரியமில வாயுவில் ஏறத்தாழக் கால் பங்கைக் கடல் விழுங்குகிறது. தொழிற்புரட்சிக்குப் பின் கடல்நீரின் அமிலத்தன்மை சுமார் 30 சதவீதம் கூடிவிட்டது.

பெயரில் மட்டும் மீனான நட்சத்திர மீனுக்குச் சுண்ணாம்புத் தகடுகளே எலும்பும் கவசமும். கனடாவின் மேற்குக் கரையில் வாழும் ஊதா நட்சத்திர மீன் குஞ்சுகளை இந்த வாயு மிகுந்த நீரில் விட்டு ஆராய்ந்தனர். 2009-ல் வெளியான முடிவு வியப்பானது. குஞ்சுகள் வாடவில்லை, வேகமாகவே வளர்ந்தன! ஆனால் உடலில் சுண்ணாம்பின் பங்கு குறைந்திருந்தது.

இந்த இனம் நலிந்தால் என்ன நஷ்டம்? அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் பெயின் இவற்றைக் கரைப்பாறையிலிருந்து அகற்றிப் பார்த்தார். தின்ன ஆளில்லாத சிப்பிகள் பாறையை அடைத்துக்கொண்டன. 15 வகை உயிர்கள் 8 ஆகச் சுருங்கியதாக 1966-ல் அவர் எழுதினார். காவலன் மெலிந்தால் குடியிருப்பே காலியாகும் என்பது இதனால் விளங்கும்.