மின்சார அழுத்தமும் கடைக்கோடிக் கிணறும்

நீலகிரியிலுள்ள பைகாரா மின்நிலையம் 1932-ஆம் ஆண்டில் வேலை தொடங்கியபோது, அங்கே உற்பத்தியான மின்சாரம் 66,000 வோல்ட் அழுத்தத்தில் கோயம்புத்தூருக்குக் கொண்டுவரப்பட்டது. கிணற்று மோட்டாருக்கு வேண்டுவதோ 400 வோல்ட்டுக்குச் சற்று மேல். பின் அவ்வளவு பெரிய அழுத்தம் எதற்கு என்று விவசாயிகள் வினவுவது நியாயமே. கடைக்கோடிக் கிணறுகளில் மோட்டார் அடிக்கடி எரிந்துபோவதன் காரணமும் அவ்வினாவின் விடையிலேயே அடங்கியிருக்கிறது.

பைகாராவில் நீர் 3,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய் வழியே இறக்கப்பட்டது. உயரம் மிகுதியாதலின் சொற்ப நீரே பெரும் சக்தியைத் தந்தது. உயரம் குறைந்தால் அதே சக்திக்கு நீர் அதிகம் வேண்டும். மின்சாரத்தில் வோல்ட் என்பது உயரத்தை ஒத்தது. ஆம்பியர் ஓட்டத்தை ஒத்தது. கம்பியைச் சூடாக்கிச் சக்தியை வீணாக்குவது ஆம்பியரேயாம். ஆம்பியர் இரட்டித்தால் நஷ்டம் நான்கு மடங்காகும். ஆகவே தூரத்திற்கு அனுப்புகையில் வோல்ட்டை உயர்த்தி ஆம்பியரைக் குறைக்கின்றனர்.

இம்மாற்றத்தைச் செய்வது டிரான்ஸ்பார்மர். இரும்புத் தகடுகளாலான நடுப்பாகத்தின்மேல் இரண்டு கம்பிச் சுருள்கள். சுழலும் உறுப்பு எதுவுமில்லை. சுற்றுகளின் விகிதப்படி வோல்ட் ஏறும் அல்லது இறங்கும். கிராமங்களில் காணும் 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில், முழுப் பளுவின்போது 11,000 வோல்ட் பக்கத்தில் சுமார் 3.3 ஆம்பியரும், 433 வோல்ட் பக்கத்தில் 84 ஆம்பியரும் ஓடும். இவ்விரண்டையும் ஒரேவிதக் கம்பியில் அனுப்பினால் பின்னதன் நஷ்டம் 600 மடங்குக்கு மேலாகும்.

அந்த 84 ஆம்பியர் வயல்களினூடே அரை மைல், முக்கால் மைல் செல்லும்போது வழிநெடுக வோல்ட் குறைந்துகொண்டே போகிறது. 415 வோல்ட்டில் சுமார் 7.5 ஆம்பியர் இழுக்கும் 5 குதிரைச்சக்தி மோட்டார், 350 வோல்ட்டில் அதே நீரை இறைக்க ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சுருளின் சூடு 40 சதவீதம் கூடும். நாளடைவில் சுருள் கருகும். பழியோ சுருள் கட்டியவர்மேல் விழுகிறது! சிலர் இன்னும் பெரிய மோட்டாரை வைத்துப் பார்க்கின்றனர். அது அயலார் கிணற்றையும் சேர்த்துக் கெடுப்பதாகும். மேற்சொன்ன டிரான்ஸ்பார்மர் 5 குதிரைச்சக்தி மோட்டார்களில் ஒரே சமயத்தில் பதினொன்றைத் தாங்குவதே அரிது. அனுமதியின்றிச் சேர்க்கும் பன்னிரண்டாவது மோட்டாரின் நஷ்டத்தைக் கடைக்கோடியிலிருப்பவரே முதலில் அனுபவிக்கிறார்.

தக்க பரிகாரம், 11,000 வோல்ட் கம்பியையே கிணறுகளுக்கு அருகில் கொண்டுசென்று, இரண்டு மூன்று கிணறுகளுக்கு ஒரு சிறிய டிரான்ஸ்பார்மர் அமைப்பதாம். மோட்டாருக்கு ஏற்ற கெபாசிட்டர் இணைத்தால் கம்பியில் ஓடும் வீண் ஆம்பியரும் குறையும். இதற்காக மனுச் செய்யுமுன், பல கிணறுகள் ஒருங்கே இறைக்கும் வேளையில், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு மூன்று பேஸ்களுக்கிடையேயும் வோல்ட்டை அளந்து, தேதியுடன் குறித்துக்கொள்ள வேண்டும். கிணறுகள் யாவும் ஓய்ந்திருக்கும் நேரத்தில் அளந்தால் கடைக்கோடியிலும் வோல்ட் சரியாகவே காட்டும்.